ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நாய்களுக்குப் புற்றுக்கட்டி எடுக்கும்போது கேமராவில் கட்டி ஒளிர்ந்து தெரிவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான், ஆனால் இனி ஒரு செல்கூட மிஞ்சாது என்கிற தொனி கொஞ்சம் அதிகம்.

இந்த அறுவையில் பெரிய தலைவலியே கட்டியின் ஓரம்தான். தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டியோ, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் சர்கோமாவோ, கையில் தட்டுப்படும் உருண்டையையும் தாண்டிப் பரவியிருக்கலாம், வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதனால்தான் சுற்றிலும் 2, 3 செ.மீ. நல்ல தோலையும் அடியில் ஒரு சவ்வடுக்கையும் சேர்த்து வெட்டும் வழக்கம் வந்தது. விலாப்பக்கம் என்றால் சரி, முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? வெட்டியதை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பி, ஓரம் சுத்தமா இல்லையா என்று பதில் வருவதற்குள் நாய் கழுத்தில் கோன் மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த லேபிலும் முழு ஓரத்தையும் பார்ப்பதில்லை, சில சீவல்களைத்தான் பார்க்கிறார்கள்.

நாய் மயக்கத்தில் மேஜைமேல் இருக்கும்போதே ஏதாவது தெரிந்தால் நல்லது, அதற்குத்தான் இந்தக் கேமரா. அதில் பயன்படும் இண்டோசயனைன் க்ரீன் சாயம் ஒன்றும் புதுசு இல்லை, அமெரிக்காவில் மனிதர்களுக்கு 1959-லேயே அனுமதி கிடைத்தது. நரம்பில் ஏற்றினால், ரத்தக்குழாய்கள் கசியும் கட்டிக்குள் தேங்கி அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும். ஆனால் வீங்கிப் புண்பட்ட நல்ல திசுவிலும் அதே சாயம் தேங்கும். ஆழத்தில் இருப்பதோ சரியாகத் தெரியாது. ஒளிர்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டவும் முடியாது, இருட்டாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தைத்து மூடவும் முடியாது. கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பார்க்கும் ஓ.சி.டி. என்ற ஒளி ஸ்கேன் கருவியை வைத்து வெட்டிய ஓரத்தைச் சோதிக்கும் ஆய்வுகளும் நாய்களிடம் நடந்திருக்கின்றன, அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் காட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயனாகப் படுவது நிணநீர் ஓடும் வழியில் வடிகட்டிபோல இருக்கும் நிணநீர் முடிச்சு விஷயம், உங்கள் செய்தியில் அது ஒரு வரிகூட இல்லை. நோய் பரவினால் பக்கத்து முடிச்சுக்குத்தான் முதலில் போகும் என்று நினைப்போம், ஆனால் மாஸ்ட் செல் கட்டியில் பல நாய்களுக்கு அது வேறு முடிச்சுக்குப் போகிறது. இதே சாயத்தைக் கட்டியைச் சுற்றி ஊசியில் போட்டால் அது ஓடும் பாதை கேமராவில் தெரியும், எந்த முடிச்சை எடுத்து லேபுக்கு அனுப்புவது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. இந்தக் கேமரா இருக்கும் இடத்தைத் தேடி அலைவதற்கு முன்னால், கட்டியில் ஊசி வைத்து செல் எடுத்துப் பார்த்தாயிற்றா, எவ்வளவு ஓரம் விட்டு வெட்டப் போகிறீர்கள், சி.டி. ஸ்கேன் தேவைப்படுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி எழுதுங்கள். முதல் அறுவையில் முழுசாக எடுக்க இருக்கும் வாய்ப்பு இரண்டாவதில் குறைந்துவிடுகிறது, தழும்புக்குள் பழைய கட்டி எதுவரை இருந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகர்