சிர்கோனியாவின் குறையை நீக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எரிபொருள் மின்கலம் (ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கலம்) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஹைட்ரஜன் என்றாலே ஒரு பஸ் படத்தைப் போட்டு, புகை வராது, தண்ணீர்தான் வரும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே இருக்கிற பீங்கான் தகட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதே பக்கத்தில், படிகக் குறைபாடுகளை எல்லாம் நீக்கிவிட்டால் தகடு உடையாது, கலம் நீண்ட நாள் உழைக்கும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. விருத்தாசலத்தில் பல வருடம் பீங்கான் சூளையோடு கிடந்தவன். மகள் பொருளறிவியல் படிக்கப் போனாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவளோடு வாக்குவாதம் செய்தே இந்த சிர்கோனியா விஷயம் எனக்குப் பிடிபட்டது. சிர்கோனியா என்பது சிர்கோனியம் ஆக்சைடு, நீங்கள் எழுதிய அந்தப் பீங்கான் தகடு செய்யும் பொருள். அவள் சொன்னதில் பாதி எங்கள் சூளையில் பார்த்ததுதான், பெயர்தான் வேறு.

பஸ், கார்களில் வைக்கும் கலத்தின் நடுவில் இருப்பது பாலிமர் சவ்வு, சுமார் 80 டிகிரியில் வேலை செய்வது. பீங்கான் கலம் வேறு குடும்பம், 700 முதல் 1000 டிகிரி வரை சூட்டில் ஓடுவது. திருச்சியில் படித்த கே.ஆர். ஸ்ரீதர் அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ப்ளூம் எனர்ஜி செய்வது இந்த வகையைத்தான். கட்டுரையில் இரண்டும் கலந்துவிட்டன. சரி, அதை விடுங்கள்.

சுத்தமான, எதுவும் சேர்க்காத சிர்கோனியாவைத் தகடாக்கி, நன்றாகச் சுட்டு, ஆறவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வெடித்துச் சிதறும். 1170 டிகிரிக்கு மேல் அதன் படிகம் நாற்கோண அமைப்பில் இருக்கிறது, ஆறும்போது ஒற்றைச்சரிவு அமைப்புக்கு மாறுகிறது, மாறும் வேகத்தில் பருமன் 4 சதவீதம் போலக் கூடிவிடுகிறது. பீங்கான்காரர்களுக்கு இது புதிதில்லை. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் இதே மாதிரி உருமாறும். அந்த இடத்தில் அவசரப்பட்டுச் சூளையை ஆறவிட்டால் உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் கதவைத் திறந்தால் தட்டில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும். சிர்கோனியாவில் நடப்பது அதைவிடப் பெரிய மாற்றம். நீங்கள் கேட்ட குறையில்லாத படிகம் அறைச் சூட்டுக்கு வந்து சேருவதே இல்லை.

அதைக் காப்பாற்றத்தான் இட்ரியா, அதாவது இட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு, சேர்க்கிறார்கள். சிர்கோனியம் அயனியின் மின்சுமை நான்கு, இட்ரியத்தின் மின்சுமை மூன்று. இரண்டு இட்ரியம் உள்ளே போய் உட்கார்ந்தால், கணக்கு நேராக ஒரு ஆக்சிஜன் இடம் காலியாகியாக வேண்டும். மோல் கணக்கில் நூற்றுக்கு 8 பங்கு இட்ரியா போட்டால் ஏறக்குறைய 27 ஆக்சிஜன் இடங்களில் ஒன்று காலி. பிளஸ் டூ வேதியியலில் மாசுக் குறைபாடு என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. இப்படிக் காலியிடம் விழுந்த பிறகு படிகம் கனசதுர அமைப்பிலேயே நின்றுவிடுகிறது, ஆறும்போது உருமாறுவதில்லை, சிதறுவதில்லை. மின்சாரமும் இந்தக் காலியிடத்தால்தான். ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளியும் நிரம்பிவிட்டால் ஆடும் நகராது புலியும் நகராது இல்லையா, அதே மாதிரி ஆக்சிஜன் அயனி பக்கத்தில் காலியான இடத்துக்குத் தாவித் தாவித்தான் தகட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச் சேருகிறது. (ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் 1890களின் கடைசியிலேயே இந்தக் கலவையில் விளக்கு செய்து எரித்தார். அதில் ஓடுவது காலியிடம் வழியாக ஆக்சிஜன்தான் என்று கார்ல் வாக்னர் என்ற இன்னொரு ஜெர்மன் வேதியியலாளர் விளக்கியது 1943இல். அதுவரை விளக்கு எரிந்தது, காரணம் புரியவில்லை!)

இனி வலிமைக்கு வருவோம், கட்டுரை சறுக்கியது இங்கேதான். இட்ரியாவை 8க்குப் பதில் 3 பங்கு மட்டும் போட்டால் காலியிடம் குறைவு, கிட்டத்தட்ட 69க்கு ஒன்று. படிகம் கனசதுரத்துக்குப் போகாமல் நாற்கோண அமைப்பிலேயே, வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்த மாதிரி நிற்கும். அதில் ஒரு விரிசல் கிளம்பினால், விரிசலின் நுனியில் இருக்கும் இழுவிசையில் அங்குள்ள துகள்கள் மட்டும் ஒற்றைச்சரிவுக்கு மாறிப் பருத்து, விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கி மூடிவிடும். முதலில் தகட்டைச் சிதறடித்த அதே உருமாற்றம், இப்போது அளவோடு நடப்பதால் தகட்டைக் காக்கிறது. 1975இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டபோது பீங்கானால் ஆன எஃகா என்று கேட்டுத்தான் தலைப்பே வைத்தார்கள். பல் டாக்டர் போடும் சிர்கோனியா கேப்பில் பெரும்பாலும் இருப்பது இந்த 3 பங்குச் சரக்கு. வளைத்து உடைக்க ஏறக்குறைய 1000 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) வேண்டும். 8 பங்கு போட்டது 200, 300லேயே போய்விடும். ஆனால் சூடான கலத்தில் மின்சாரம் கடத்துவதில் 3 பங்குத் தகட்டின் திறன் 8 பங்குத் தகட்டின் திறனில் மூன்றில் ஒரு பாகம்தான். தகடே கலத்தைத் தாங்குகிற வடிவமைப்பு என்றால் பலர் 3 பங்கை எடுக்கிறார்கள், நிக்கல் கலந்த தடித்த மின்வாய் தாங்கி அதன்மேல் மெல்லிய படலமாகப் பூசுவது என்றால் 8 பங்கு. எத்தனை காலியிடம் வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு, ஒன்றுகூட வேண்டாம் என்பது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. இந்த 3 பங்கு சிர்கோனியாவை ஈரமான காற்றில் 200, 300 டிகிரியில் நாள்கணக்கில் வைத்திருந்தால் மேற்பரப்பு மெல்ல ஒற்றைச்சரிவுக்கு மாறி நுண்விரிசல் விடுகிறது. பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், தண்ணீர் மூலக்கூறு உள்ளே புகுந்து அந்தக் காலியிடங்களை நிரப்பிவிடுகிறது என்பது. அதாவது நீங்கள் சொன்ன மாதிரியே குறை நீங்குகிறது, நீங்கியதால்தான் உடைகிறது! மின்கலத்தில் நீராவி உண்டாகாமல் இருக்காது, ஓடும் சூட்டில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும் கலத்தை ஏற்றி இறக்கும்போது அந்த வெப்பநிலையைக் கடந்துதான் போக வேண்டும்.

காலியிடம் நல்லது மட்டும் செய்யும் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. காடோலினியம் சேர்த்த சீரியா (சீரியம் ஆக்சைடு) என்று இன்னொரு பொருள், குறைந்த சூட்டிலேயே நன்றாகக் கடத்தும். அதை ஹைட்ரஜன் பக்கம் வைத்தால் ஆக்சிஜனை இழந்து புதுக் காலியிடங்கள் விழும். இடம் காலியானால் பொருள் சுருங்கும் என்றுதானே நினைப்போம்? மாறாக வீங்குகிறது, ஏனென்றால் கூடவே சீரியம் அயனி நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கி ஆரம் 0.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.14க்குப் பெருத்துவிடுகிறது. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று, ஒரு முகம் வீங்க மறு முகம் அப்படியே இருக்க, தகடு வளையப் பார்க்கும், வளைய முடியாமல் கீறும். எவ்வளவு காலியிடம் என்பதைப் போலவே அது எல்லா இடத்திலும் ஒரே அளவா என்பதும் முக்கியம்.

அப்படியானால் உடைப்பது எது? பெரும்பாலும் அது படிகத்துக்குள் அணு அளவில் இருக்கும் குறையே அல்ல. தகடு வார்க்கும்போது விழுந்த தூசி, காற்றுக் குமிழி, சரியாகச் சுடாததால் துகள்களுக்கு நடுவே நின்றுபோன துளை, ஓரத்தை வெட்டும்போது விழுந்த கீறல். இதில் மிகப் பெரியது எதுவோ அதுதான் தகட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும், ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் 1921இல் கண்ணாடியை வைத்துக் காட்டியது இதையே. எங்கள் சூளையில் தட்டை விரலால் சுண்டிப் பார்த்து, மணி மாதிரி ஒலிக்காவிட்டால் ஓரமாக எடுத்து வைப்போம். அது இந்த விரிசலைத் தேடித்தான், இட்ரியத்தின் பக்கத்துக் காலியிடத்தைத் தேடி அல்ல. மின்கலத்தில் பத்து, ஐம்பது தகடுகளை அடுக்கித் தொடராக இணைப்பதால் ஒன்று கீறினாலே அடுக்கு முழுவதற்கும் ஆபத்து. கட்டுரையாளர் நீக்கச் சொல்லியிருக்க வேண்டியது இவற்றை. தமிழில் அதற்கும் குறை, இதற்கும் குறை என்று ஒரே சொல்லைப் போட்டதில் வந்த குழப்பம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த இதழில் மூன்று வரியாவது திருத்தம் போடுங்கள். முடிந்தால் ஒன்றுக்குக் காலியிடம் என்றும் மற்றதற்குப் பழுது என்றும் எழுதுங்கள், பிளஸ் டூ பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு பழைய சூளைக்காரன்,
விருத்தாசலம்