சர்வர் கோளாறு அல்ல, டிஃபால்ட் கோளாறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையச் சேவை ஏதாவது முடங்கினால், ‘சர்வர் கோளாறு’ என்ற இரண்டே சொல்லில் செய்தி முடிந்துவிடுகிறது. பாவம் சர்வர். கன்டெய்னர் எனப்படும் தனிப் பெட்டிக்குள் ஓடும் செயலி ஒன்று விழுந்தால் சில நொடிகளில் இன்னொன்று எழுந்துவிடும். மணிக்கணக்கில் இழுத்தடிப்பது அநேகமாக அதற்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ்தான்.

சைட் ரிலையபிலிட்டி பொறியாளர்கள் (சேவை முடங்காமல் பார்த்துக்கொள்பவர்கள்) கூடும் மாநாடுகளில் இந்தப் பேச்சு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டது. கன்டெய்னர்களை எழுப்பி, நிறுத்தி, கண்காணிக்கும் மென்பொருள் குபர்னெட்டீஸ். ‘குபர்னெட்டீஸில் டேட்டாபேஸை வைக்கலாமா’ என்பது பழைய கேள்வி. அதற்கான வசதி 2016இல் ‘பெட்செட்’ என்ற பெயரில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘ஸ்டேட்ஃபுல்செட்’ என்று பெயர் மாற்றி, 2017 டிசம்பரில் 1.9 பதிப்பில் நிலையானதாக அறிவித்தார்கள். பெயரைத்தான் மாற்ற முடிந்தது; டேட்டாபேஸ் இன்றும் பேணிக் காக்க வேண்டிய செல்லப்பிராணிதான், போனால் வேறொன்று என்று விடக்கூடிய மந்தையில் ஒன்று அல்ல. வைக்கலாம் என்பதே எங்கள் கருத்தும். சிக்கல் டிஃபால்ட் எண்களில், அதாவது நாம் மாற்றாதவரை தானாகச் செயல்படும் எண்களில், இருக்கிறது. அவற்றில் பலவும் விழுந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எழுப்பக்கூடிய செயலிகளுக்குப் பொருத்தமானவை. அவற்றைத் தொடாமல் அப்படியே டேட்டாபேஸை ஏற்றுகிறார்கள்.

30 நொடியை எடுத்துக்கொள்வோம். ஒரு பாட் (கன்டெய்னர் ஓடும் சிறு அலகு) நிறுத்தப்படும்போது குபர்னெட்டீஸ் முதலில் சிக்டெர்ம் என்ற ‘நின்றுவிடு’ சமிக்ஞை அனுப்பும். 30 நொடியில் அடங்காவிட்டால் ‘சிக்கில்’ என்ற கட்டாய நிறுத்தச் சமிக்ஞை அனுப்பிக் கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கோ சிக்டெர்ம் என்றால் ‘புதியவர்களை உள்ளே விடாதே, இருப்பவர்கள் தாமாகப் போகும்வரை காத்திரு’ என்று பொருள். செயலிகள் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பான கனெக்‌ஷன் பூல் தானாக எங்கே போகும்? 30 நொடி கழியும், கழுத்தில் கத்தி விழும். அடுத்த முறை எழும்போது போஸ்ட்கிரெஸ் கடைசி செக்பாயின்ட்டிலிருந்து (மாற்றங்கள் முழுதாக டிஸ்க்கில் எழுதப்பட்ட புள்ளி) வால் கோப்புகளை (ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) மறுபடி ஓட்டி மீட்பு வேலையைத் தொடங்கும். எழுதும் வேகத்துக்காக வால் அளவின் உச்சவரம்பைப் பல ஜிபிக்கு உயர்த்தி வைத்திருந்தால், இதற்கே நிமிடக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் இரண்டாவது டிஃபால்ட் குறுக்கே வருகிறது. உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லைவ்னெஸ் புரோப் 10 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும். மீட்பில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் ‘இப்போது முடியாது’ என்றுதான் பதில் சொல்லும். புரோப் அதைச் சாவாகக் கணக்கெடுத்துக் கொல்லும், மீட்பு முதலிலிருந்து தொடங்கும், புரோப் மறுபடி கொல்லும். டேட்டாபேஸுக்கு ஒரு நோயும் இல்லை. வைத்தியர்தான் எழவிடமாட்டேன் என்கிறார். திரையில் தெரிவதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் ரீஸ்டார்ட் எண் மட்டும். அதைப் பார்த்துப் பதறி டிஸ்க் கெட்டுவிட்டது என்று பேக்கப்பை எடுக்கப் போனால், பத்து நிமிட வேலை பத்து மணி நேர வேலையாகிவிடும்.

திருத்தம் பெரிதல்ல. நிறுத்தும் சமிக்ஞையை சிக்இன்ட் ஆக்க வேண்டும். அது ‘வேக நிறுத்தம்’, திறந்திருக்கும் இணைப்புகளை அறுத்துவிட்டு ஒழுங்காக மூடும். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) இது ஏற்கெனவே உண்டு. சொந்தமாக இமேஜ் கட்டுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். அவகாசத்தை 30இலிருந்து சில நூறு நொடிகளாக உயர்த்த வேண்டும். திட்டமிட்ட நிறுத்தம் என்றால் அதற்கு முன் கையால் ஒரு செக்பாயின்ட் கொடுத்துவிட்டால், மூடும் நேரத்தில் எழுத வேண்டியது குறையும். எழும் கட்டத்தை மட்டும் சோதிக்கும் ஸ்டார்ட்அப் புரோப் ஒன்றைத் தனியாக வைத்து, 10 நொடி இடைவெளியில் 180 முறைவரை தோல்வியைப் பொறுக்கச் சொன்னால் மீட்புக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அது முடியும்வரை லைவ்னெஸ் புரோப் வாய் திறக்காது.

அடுத்து, பாட்கள் ஓடும் மெஷினான நோடு ஒன்று பேச்சுமூச்சில்லாமல் போகும் நிலை. 300 நொடி பொறுத்துவிட்டு அதிலுள்ள பாடுகளை நீக்கக் குறியிடுவது டிஃபால்ட். சாதாரணச் செயலிக்கு மாற்று உடனே வேறு நோடில் எழும். ஸ்டேட்ஃபுல்செட்டில் எழாது. பழைய பாட் உண்மையிலேயே செத்ததா என்று உறுதியாகும்வரை புதியதை எழுப்பாது. இது குறையல்ல, பாதுகாப்பு: நெட்வொர்க் மட்டும் அறுந்து பழைய பிரைமரி (எழுதும் உரிமையுள்ள முதன்மை டேட்டாபேஸ்) எங்கோ உயிரோடு எழுதிக்கொண்டிருந்தால், ஒரே தரவுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள். ‘டெர்மினேட்டிங்’ என்றே நிற்கிறதே என்று ஃபோர்ஸ் டெலீட் அடிக்கும் கை இந்தப் பாதுகாப்பைத்தான் உடைக்கிறது. முதலில் அந்த மெஷினின் மின்சாரம் போய்விட்டதை கிளவுட் கன்சோலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு நோடுக்கு ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ டெய்ன்ட் (விலக்கு அடையாளம்) போட வேண்டும். வரிசை மாறக்கூடாது.

தானியங்கி ஃபெயில்ஓவர் (பிரைமரி விழுந்தால் இன்னொன்று தானாக அதன் இடத்துக்கு வருவது) இருந்தால் இந்தக் கவலை இல்லை என்பவர்கள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் வெளியிட்ட அறிக்கையைப் படிக்கலாம். 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதன் நெட்வொர்க் இணைப்பு 43 நொடி அறுந்தது. அதற்குள் தானியங்கி அமைப்பு மேற்குக் கரையிலிருந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ரெப்ளிகாக்களை (நகல்களை) பிரைமரியாக உயர்த்திவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத பதிவுகள் ஒரு பக்கம், மேற்கில் புதிதாக விழுந்தவை மறுபக்கம். சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. ஒரே பகுதிக்குள் தானாக மாறட்டும். கண்டம் தாண்டும் மாற்றத்துக்கு மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்தட்டும் என்பது எங்கள் தரப்பு. போஸ்ட்கிரெஸில் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்யும் பாட்ரோனியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 1 எம்பிக்கு மேல் பின்தங்கிய ரெப்ளிகாவை அது டிஃபால்ட்டாகவே உயர்த்தாது. நல்ல விஷயம், ஆனால் அந்த 1 எம்பி வரையிலான இழப்புக்கு நீங்கள் சம்மதித்ததாகவும் அதற்குப் பொருள். பணப் பரிவர்த்தனைக்கு அது ஒத்துவராது. ரெப்ளிகாவுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே பதிவை உறுதிசெய்யும் சின்க்ரனஸ் முறையை நாமேதான் இயக்க வேண்டும்.

கனெக்‌ஷன் கணக்கு எளிதானது, ஆனாலும் தவறாமல் சறுக்கும் இடம். போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்து இணைப்புகளின் டிஃபால்ட் உச்சவரம்பு 100. அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு. 20 பாட், ஒவ்வொன்றிலும் 10 இணைப்பு என்றால் 200. புதிய பதிப்பை ஏற்றும்போது 25 சதவீதம் கூடுதல் பாட் எழலாம் என்பதும் டிஃபால்ட், அப்போது 250. உச்சவரம்பை 1000 ஆக்குவது தீர்வல்ல, ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனி புராசஸ். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சரை, ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குத் தரும் டிரான்சாக்‌ஷன் முறையில் வைப்பதே வழி. அந்த முறையில் செஷனை (ஒரே தொடர் இணைப்பை) நம்பியிருக்கும் லிசன் (அறிவிப்புக்குக் காத்திருத்தல்), அட்வைசரி லாக் (செயலி தானே போடும் பூட்டு) போன்றவை வேலை செய்யாது என்பதைச் செயலி எழுதுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வால் பற்றி இன்னும் ஒன்று. ‘ரைட்-அஹெட் லாக்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் வால் என்றே வருவது தற்செயல்தான், ஆனால் பொருத்தம். ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஒரு ரெப்ளிகா எதுவரை படித்தது என்ற குறிப்பு) ஒன்றை உருவாக்கிவிட்டு அந்த ரெப்ளிகாவை யாராவது கழற்றிவிட்டால், அது திரும்பி வரும் என்று நம்பி பிரைமரி வாலை நீட்டிக்கொண்டே போகும், டிஸ்க் நிறைந்து தானே நின்றுபோகும்வரை. 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு வைக்கலாம். டிஃபால்ட் மைனஸ் 1, அதாவது வரம்பே இல்லை. டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் வால் கோப்புகளைக் கையால் அழிப்பது டேட்டாபேஸையே அழிப்பதற்குச் சமம். டிஸ்க் வால்யூமைப் பெரிதாக்கி, எழுப்பி, ஆளில்லாத ஸ்லாட்டை நீக்கினால் வால் தானே சுருங்கும்.

டிஸ்க்கில் இன்னொரு கண்ணி. அமேசான் கிளவுட் டிஸ்க்கின் ஜிபி2 (gp2) வகையில் ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 செயல்பாடு அடிப்படை வேகம். 100 ஜிபிக்கு 300. சேமித்த கிரெடிட் (கூடுதல் வேகத்துக்கான இருப்பு) 54 லட்சம் இருக்கும்வரை 3,000 வரை ஓடும். அதை 3,000க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் 2,700ஆல் வகுத்தால் 2,000 நொடி, அதாவது 33 நிமிடம். இருபது நிமிட லோடு டெஸ்ட் அமர்க்களமாகத் தேறும். உண்மையான கூட்டம் வந்த 34ஆம் நிமிடத்தில் வேகம் பத்தில் ஒன்றாகும். டெஸ்டை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், அல்லது ஜிபி3க்கு மாறுங்கள். அதில் 3,000 நிலையானது. குபர்னெட்டீஸில் தானாக உருவாகும் வால்யூமின் ரீக்ளெய்ம் பாலிசி (பயன்பாடு முடிந்தால் அதை என்ன செய்வது என்ற விதி) டிஃபால்ட்டாக ‘டெலீட்’ என்பதையும் போகிற போக்கில் ‘ரீட்டெய்ன்’ ஆக்கிவிடுங்கள்.

கடைசியாக பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் இன்னொரு தளமான கிட்லேப்பில் பிரைமரியின் தரவு டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. தேடியபோது வழக்கமான பேக்கப் வைத்திருந்த கிடங்கு காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2 பதிப்புக் கருவி எடுக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வரே நிராகரித்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த டிஸ்க் நகலான ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இத்தனையையும் மறைக்காமல் அவர்களே எழுதிவைத்தார்கள்.

பேக்கப் நன்றாக இருந்தாலும் நேரக் கணக்கு உண்டு. 2 டிபியை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் திரும்ப எழுத 10,000 நொடி. ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். அதன் மேல் வாலை ஓட்டும் நேரம். ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய கிளவுட் வால்யூம் ஒரு நிமிடத்தில் தயார் என்று காட்டினாலும், ஒவ்வொரு பிளாக்கும் முதல் தடவை படிக்கும்போதுதான் கிடங்கிலிருந்து இறங்கும்; முதல் சில மணி நேரம் ஆமை வேகம். 99.9 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று வாக்குறுதி தருபவருக்கு 30 நாளில் முடங்க அனுமதி 43.2 நிமிடம்தான். மேற்சொன்ன ஒரே ரீஸ்டோர் ஏறத்தாழ நான்கு மாத அனுமதியைத் தின்றுவிடும்.

ஆகவே தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘சர்வர் கோளாறு, பேக்கப் பத்திரமாக இருக்கிறது’ என்று அறிக்கை வந்தால் இதை மட்டும் கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் ஆனது?

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பராமரிப்பில் பணிபுரியும் வாசகர்கள்