மலாக்கா வார்டுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான மலாக்கா, மூவார் மக்களுக்கு,

எங்கள் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கவில்லை. 1997இல் மலாக்கா-மணிப்பால் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது செய்த ஏற்பாடு இதுதான்: முதல் இரண்டரை ஆண்டு கர்நாடகாவில் மணிப்பாலில் பாடம், மீதி இரண்டரை ஆண்டு மலேசியாவில் மலாக்கா, மூவார் அரசு மருத்துவமனை வார்டுகளில் பயிற்சி. ஆகவே எங்களை டாக்டராக்கியதில் பெரும் பங்கு அந்தக் கட்டில்களில் படுத்திருந்த உங்களுடையது. பட்டமளிப்பு மேடையில் பேராசிரியர்களுக்கு நன்றி சொன்னோம், பெற்றோருக்குச் சொன்னோம். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கதவைத் திறந்து வைத்தவர்களையும் நினைக்க வேண்டும். 1990களில் நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடங்கள் மிகக் குறைவு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்றால் வீட்டை விற்றாலும் கட்டாது. 1996இல் வந்த தனியார் உயர்கல்விச் சட்டம்தான் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் இங்கே கால் பதிக்க வழிவிட்டது. மணிப்பாலுக்கு இது புதிதல்ல. டி.எம்.ஏ. பாய் 1953இலேயே அங்கே தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கியவர். அவர் மகன் ராமதாஸ் பாய் காலத்தில் 1994இல் நேபாளத்தின் பொக்காராவில் ஒரு கல்லூரி எழுந்தது. அடுத்தது மலாக்கா. தொடங்கிய அதே ஆண்டில் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்து மலேசிய வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு சரிந்தது. பாதிப் படிப்பு இந்தியாவில் குறைந்த செலவில் முடிந்ததால்தான் பல குடும்பங்கள் தாக்குப்பிடித்தன என்பது என் உறுதியான எண்ணம்.

மணிப்பாலில் முதல் நன்றி, பெயர் தெரியாமலே போன அந்த உடல்களுக்கு. உடற்கூறியல் கூடத்தில் எங்களுக்கு முதலில் பாடம் சொன்னவர்கள் அவர்களே. அப்புறம் ஜூன் மாத அடைமழையில் காய்ச்சலோடு படுத்தவர்களுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்த விடுதிச் சமையற்கார அண்ணன்மாருக்கு. கன்னடம் தெரியாத பிள்ளைகள் என்று ஒருநாளும் சலித்துக்கொள்ளாத கடைக்காரர்களுக்கு.

இனி உங்களிடம் வருகிறேன்.

மலாக்கா இருதய வார்டில் ஒரு மலாய் அம்மாள் இருந்தார். வால்வு சுருங்கிய நோயாளி. அந்த மெல்லிய உறுமல் சத்தம் காதில் விழ வேண்டுமானால் அவர் இடது பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை வெளியே விட்டு அடக்க வேண்டும். எங்கள் குழு முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்தோம். ஒவ்வொருவருக்காகவும் அவர் திரும்பிப் படுத்தார், மூச்சை அடக்கினார். எனக்குச் சத்தம் பிடிபடவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "இன்னொரு தடவை கேள், நாக் (பிள்ளாய்)" என்றார். மக்சிக் (அம்மா), அந்தச் சத்தத்தை நான் அதன்பின் தவறவிட்டதே இல்லை.

மலாக்காவின் காஜா பெராங்கில், மலாய் பேசும் தமிழ் வம்சாவளியினரான செட்டிகளின் கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் நான் தமிழில் பேசப்போக, அவர் மலாயில் பதில் சொன்னார். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். என் மலாயைத் திருத்தித் திருத்தியே தன் நோயின் கதை முழுவதையும் சொல்லி முடித்தார்.

பிரசவ வார்டு மிஸ்ஸிமார்களே, தாதியரே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சியைப் பதியும் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்து நின்ற எங்களை நீங்கள் விரட்டியிருக்கலாம். விடிய விடிய நின்ற களைப்பிலும் எங்கள் கையைப் பிடித்து, குழந்தையின் தலை வெளிவரும்போது எங்கே தாங்க வேண்டும், எப்போது அவசரப்படக் கூடாது என்று காட்டினீர்கள். தன் வேலைப்பளுவுக்கு நடுவே எங்களை ரவுண்ட்ஸில் அழைத்துப்போய்க் கேள்வி கேட்ட அரசு நிபுணர்களுக்கும், நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே வழிமுறைகளைச் சொல்லிக்கொடுத்த வார்டு உதவியாளர்களுக்கும் அதே நன்றி.

கல்லூரி இப்போது மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா ஆகிவிட்டது. பல் மருத்துவமும் சேர்ந்தது. எங்கள் பழைய மாணவர்கள் நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அவரவர் வீட்டில் முதல் டாக்டர்.

வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நாளையும் உங்கள் கட்டிலருகே வந்து தயங்கி நிற்பார்கள். எங்களுக்குச் சொன்னதுபோல அவர்களுக்கும் ஒரு "சரி" சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மலாக்கா-மணிப்பால் பழைய மாணவன்,
ஜொகூர்