'பயனற்ற' சதுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி ஊற்றுகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், 'பாற்கோவில் ஊற்றில் தோடர்கள் யாரையும் கால்வைக்க விடாதது பழைய தீட்டு நம்பிக்கை' என்ற வரி மனதை மிகவும் புண்படுத்திவிட்டது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில், எருமைப் பாலைக் கடையும் புனித இடமான பாற்கோவிலுக்கு ஓர் ஊற்று, வீட்டுக்கு வேறு ஊற்று. எருமை மிதிக்காமல், துணி துவைக்காமல் ஓர் ஊற்றுக்கண் தலைமுறைகளாகத் தெளிவாக இருப்பது பெரியவர்களின் அந்தக் கண்டிப்பால்தான். புத்குளிச் சால்வையையும் நடனத்தையும் பக்கம் பக்கமாகப் படம் போடுகிறீர்கள். தண்ணீரைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

அதே கட்டுரையில் சதுப்பைப் 'பயனற்றது' என்கிறீர்கள். புல்வெளி குடித்த மழை அங்குள்ள கரிய மக்கு மண்ணில் தங்கி, மார்ச், ஏப்ரலில் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிகிறது. கேரட் போட இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டினால், தங்கவேண்டிய நீர் மழைக்காலத்திலேயே வடிந்துவிடும். கோடையில் கீழ் ஊற்று நிற்கும். பாற்கோவிலுக்குக் கூரை வேயும் புல்லும் அந்தச் சதுப்பில் வளர்வதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த தைலமரத்தையும் சீகை (வாட்டில்) மரத்தையும் புல்வெளியில் நட்டதைப் 'பசுமையாக்கம்' என்று முன்பு கொண்டாடினீர்கள். அயல் தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வெளியிட்டது. நீங்கள் அந்தச் சொல்லைத் திருத்தவே இல்லை. சீகையை வெட்டினால் மட்டும் தீராது. விதை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். கன்றிலேயே வேரோடு பிடுங்க ஆண்டுதோறும் ஆள் இறங்க வேண்டும்.

தொட்டி கட்ட ஊற்றுக்கண்ணைத் தோண்டவும், உபரிக் குழாயை அதற்கு மேலே வைக்கவும் கட்டுரை சொன்னதுதான் பெரிய ஆபத்து. தோண்டினால் நீர் வேறு பிளவில் இறங்கிவிடும். கண்ணைத் தொடாமல் அதன் முன்னால் தொட்டி கட்ட வேண்டும். தொட்டி நிரம்பினால் மிச்ச நீரை வெளியேற்றும் உபரிக் குழாய் கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் தேங்கும் நீரின் அழுத்தம் ஊற்றையே திருப்பிவிடும். மேல்சரிவில் 25 அடி தள்ளி வாய்க்கால் எடுத்து, மழைவெள்ளம் கலக்காமல் விலக்க வேண்டும். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று மாதந்தோறும் குறித்து வாருங்கள். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். கோடை அளவை வைத்தே தொட்டியின் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும், மழைக்கால அளவை வைத்தல்ல.

இவையெல்லாம் ஆசிரியர் குழுவுக்குத் தெரியாதவை அல்ல. அடுத்த இதழில் உபரிக் குழாயின் மட்டத்தையாவது திருத்தி, இரண்டு வரி வெளியிடுங்கள். கட்டுரையை நம்பி யாரேனும் கடப்பாரையோடு கிளம்புவதற்குள் அது வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி