பதினோராம் தேதிக் கதை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. ஓசூர் குளிர் பழகிவிட்டதா? சின்னவன் புதுப் பள்ளியில் அழாமல் உட்காருகிறான் என்று படித்ததும் நிம்மதி. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி நலம்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி வேலை இரண்டு பேர் கையில். பில்களைச் சரிபார்த்து எக்செல்லில் போட்டுக் கொடுப்பது நான். போர்ட்டலில் ஏற்றி ஃபைல் செய்வது சீனியர் அண்ணன். எனக்கு டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

மாதாமாதம் போடுகிறவர்கள் ஜிஎஸ்டிஆர்-1ஐ, அதாவது விற்ற பில்களின் கணக்கை, மறுமாதம் 11ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். 14ஆம் தேதி, சரக்கு வாங்கியவருக்கு 2பி வரும், அவருக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல். அதில் நம் பார்ட்டியின் பில் இல்லையென்றால் அந்த மாதம் அவர் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 2022க்கு முன்னால் கொஞ்சம் இளக்கம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

நூல் வியாபாரி ஒருவரின் கணக்கை 8ஆம் தேதியே அண்ணனுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். அவர் போடவில்லை. வாங்கிய பனியன் கம்பெனி வரிப் பணத்தை நிறுத்திவைக்க, வியாபாரி ஆபீசுக்கே வந்து கத்தினார். மறப்பது யாருக்கும் நடக்கிறதுதான். தாமதமாகப் போட்டாலும் அடுத்த மாத 2பியில் வந்துவிடும். ஆனால் ஆடிட்டர் கேட்டதும் அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்தப் பொண்ணு பில்லே லேட்டாத்தான் சார் கொடுத்துச்சு" என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

நீயாக இருந்தால் அங்கேயே பிடித்துக் கேட்டிருப்பாய். பார்ட்டி முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் அவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு ஆடிட்டரிடம் போய்விடுவார். அவர் கிளம்பின பிறகு, தேதியோடு அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஆடிட்டர் மேஜையில் வைத்தேன். பார்த்துவிட்டு, "சரிம்மா, விடு" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஆறாதது அதுதான், கலா. பிரிண்டைப் பார்த்தது ஆடிட்டர் மட்டும். அந்த வியாபாரி இன்றைக்கும் போன் செய்தால், "அந்தப் பொண்ணு வேண்டாம், வேற யாராவது பேசுங்க" என்கிறார். அவரிடம் போய் யார் சொல்வது? அண்ணனோ மத்தியானம் ஒன்றுமே நடக்காதது போல எனக்கு வடை வாங்கிக்கொண்டு வந்தார். தின்றேன், வேறென்ன செய்ய?

இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கணக்குக் கொடுத்த தேதி ஒரு பக்கம், ஃபைல் ஆனதும் போர்ட்டல் தரும் ஏஆர்என் நம்பர் ஒரு பக்கம். "என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டார். "சார் கேட்டா காட்டணும்ல அண்ணா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த மாதம் எல்லாம் 10ஆம் தேதியே முடிந்துவிட்டது.

அப்புறம், தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். அம்மா அவசியம் போகணும் என்கிறாள். போகிறேன், அந்தப் பெண் என்ன செய்தாள் பாவம். மொய் எவ்வளவு வைக்கலாம் என்று மட்டும் நீ சொல்லு.

அன்புடன்,
மல்லிகா