மூப்பர்களை ஏற்படுத்துங்கள்: போதகருக்கும் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, ஐயா கோத்தகிரிக்கு ஏறி வர முடியாமல் போன அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு தாயாரின் உடல். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டப் போதகர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அதைப் போட வேறொருவருக்கும் அதிகாரம் இல்லை. பெட்டி நனையாமல் தார்ப்பாய் பிடித்தபடி பிள்ளைகள் மறுநாள் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்கிறது யாக்கோபு 5:14. நாங்கள் யாரை வரவழைப்பது?

போதகரோடு சேர்ந்து சபையைக் கவனிக்கும் மூப்பர்களை ஏற்படுத்துங்கள் ஐயா. அப்போஸ்தலர் 14:23-இல் பவுலும் பர்னபாவும் சபைதோறும் செய்ததைத்தான் கேட்கிறோம். பேதுருவே தம்மை உடன்மூப்பன் என்கிறார். ஐயாவும் மூப்பர்களில் ஒருவராக இருந்து போதிக்கலாம்.

அவசரம் வேண்டாம். முதல் 3 மாதம் 1 தீமோத்தேயு 3, தீத்து 1 இரண்டையும் சபையாகப் படிப்போம். பிறகு பெயர்கள் வரட்டும். ஒவ்வொருவரின் வீட்டிலும் வேலைத்தலத்திலும் விசாரியுங்கள். பெயர்களை அறிவித்து, ஆட்சேபணை சொல்ல 2 ஞாயிறு கொடுங்கள். ஒரு வருஷம் அவர்கள் ஐயாவோடு வீடு சந்திப்புக்கும் அடக்க ஆராதனைக்கும் வரட்டும். அதன்பின் உபவாசித்து, அவர்கள்மேல் கை வைத்து ஜெபித்து மூப்பர்களாக ஏற்படுத்தலாம். இரண்டு பேர் என்றால் கருத்து மோதினால் வேலை நின்றுவிடும். குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது தேர்வில்தான். அதிகக் காணிக்கை தருகிறவர், ஊருக்கு ஒருவர், சொந்தத்துக்கு ஒருவர் என்று பங்கு வைத்தால் அது பஞ்சாயத்து. கைதூக்கி ஓட்டெடுத்தால் தோற்ற வீட்டார் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். எல்லாம் முடிவான பிறகு மூப்பர்களைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னால் அவர்கள் பெயருக்குத்தான் இருப்பார்கள். அடக்கச் சீட்டு, திருவிருந்து, சபை ஒழுங்கு மூன்றிலும் அவர்களுக்குள்ள அதிகாரத்தை எழுதிவையுங்கள். சபையின் டிரஸ்ட் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள். மூப்பரானதாலேயே ஒருவர் டிரஸ்டி ஆகிவிடுவதில்லை.

கன்வென்ஷன் பந்தலுக்கும் புது டைல்ஸுக்கும் கமிட்டி எத்தனை முறை கூடியது! லயத்து வீடுகளில் படுத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம்கூட இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறோம். அதுவரை, ஐயா ஊரில் இல்லாத நாட்களில் அடக்கச் சீட்டில் கையெழுத்திட இரண்டு பேருக்கு இந்த வாரமே எழுத்துமூலம் அதிகாரம் கொடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை விசுவாசிகள், கோத்தகிரி வட்டாரம்