விதையோடு தண்டும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019ல் வகுத்த இலக்கு, 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. அன்று முதல் என் அடுக்குமாடி புளோக்கில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பெரிய பண்ணைகளாலேயே முடியவில்லை, நாலு தொட்டியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்துவிடப் போகிறீர்கள், அக்கா?"

அப்படிக் கேட்பவர்கள் புதிய இலக்கைச் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2035க்குள் புரதத்தில் 30 விழுக்காடு, நார்ச்சத்தில் 20 விழுக்காடு என்பது இப்போதைய கணக்கு. 2024லேயே முட்டையும் மீனும் சேர்ந்து புரதத்தை 26 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டன. காய், கீரை, முளைப்பயறு, காளான் ஆகியவை அடங்கும் நார்ச்சத்தோ 8 விழுக்காட்டில் நின்றது. நாம் பின்தங்கியிருப்பது கீரையில்தான். தாழ்வாரத்துத் தொட்டியில் வருவதும் கீரைதான். என் தொட்டிகள் நாட்டுக்குச் சோறு போடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறக்குமதிக் காய்கறி லாரி வராத வாரத்தில் என் வீட்டுக் குழம்புச் சட்டி காலியாக இருக்காது.

லாரி வராத வாரங்களை நாம் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த இரவில் பேரங்காடிகளில் நின்ற வரிசை, 2022 ஜூனில் அதே மலேசியா கோழி ஏற்றுமதிக்கு விதித்த தடை, 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசியை நிறுத்தியது என்று அடுத்தடுத்து வந்தன. அரிசிக்கு இருப்புத் திட்டம் இருக்கிறது. இறக்குமதியாளர்கள் இரண்டு மாத அளவைக் கையில் வைத்திருக்க வேண்டும். கீரையை அப்படிக் கிடங்கில் அடுக்க முடியாது. அது வேரோடு மண்ணில் நின்றால்தான் இருப்பு.

என் அம்மா ஜப்பானியர் காலத்தில் ஏழு வயதுச் சிறுமி. அரிசி பங்கீட்டில் வந்தது, அதுவும் சுருங்கிக்கொண்டே போனது. வீட்டு வாசல், வரப்பு, திடல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மக்கள் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் கையை விரித்து ஒரு சாண் காட்டுவார். மரவள்ளிக்கு விதை வேண்டாம், ஒரு சாண் தண்டு போதும். முதலில் நட்ட வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த கம்பத்துக்கும் (சிற்றூருக்கும்) தண்டுதான் போயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பியது, வேலியோரக் கீரைதான் உடம்பைத் தாங்கியது என்பார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2020ல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் வந்தன. நல்ல திட்டம், நானும் ஆசையோடு வாங்கினேன். தக்காளி இடுப்பு உயரம் வளர்ந்து பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. இரவிலும் இறங்காத நம் ஊர்ப் புழுக்கத்தில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிப்பது அரிது என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. என் மாடியில் விதை போட்ட ஐந்து வீடுகளில் நான்கு, அந்த ஒரு முறையோடு தொட்டியைக் கவிழ்த்துவிட்டன. தங்களுக்குக் கைராசி இல்லை என்று இன்றும் நம்புகிறார்கள். தவறு அவர்கள் கையில் இல்லை, செடித் தேர்வில் இருந்தது.

எனக்கு நம்பிக்கையைத் திருப்பிக் கொடுத்தவர் எதிர் வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா. சாயூர் மானிஸ் குச்சி மூன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நம்மவர்கள் தவசிக்கீரை என்பது அதைத்தான். பதிலுக்கு நான் பொன்னாங்கண்ணி கொடுத்தேன். முற்றாத தண்டில் நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து நட்டால் போதும். ஒரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். கிள்ளக் கிள்ளத் தழைக்கும். கொடிப்பசலையும் அப்படித்தான். காலை பத்தரை மணி வரை மட்டுமே வெயில் விழும் என் தாழ்வாரத்தில் இவை மூன்றும் வாரம் இரண்டு முறை பொரியலுக்குத் தேறுகின்றன. (தவசிக்கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. சமைத்தே உண்ணுங்கள்.)

கறிவேப்பிலைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். இலைமேல் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் துடைக்கப் போகாதீர்கள், உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டே நாளில் கிளையை மொட்டையாக்கிவிடும். நான் மருந்து அடிப்பதில்லை, காலையில் கையால் எடுத்துவிடுகிறேன்.

தொட்டி வைப்பவர்களுக்குக் கடமையும் உண்டு. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதி நியாயமானது, தூக்குப்படுக்கை போக வேண்டிய பாதை அது. தண்டைத் தண்ணீரில் போட்டு வேர்விட வைப்பவர்கள் அந்த நீரை ஒருநாள்விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும், தொட்டித் தட்டில் நீர் தேங்கவே கூடாது. டெங்கிக் கொசுவை வளர்த்துக் கீரை தின்பதில் பொருளில்லை.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ் தீவெங்கும் ஏராளமான தோட்டங்கள் இருக்கின்றன. கவாத்து செய்யும் நாளில் அங்கே வெட்டுப்படும் தண்டுகள் குப்பைப் பைக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, தோட்ட வாசலில் ஒரு மேசை போட்டு அவற்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம். முதியோர் கூடும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களில் உட்கார்ந்திருக்கும் கம்பத்துக்காரர்களை அந்த மேசையருகே அமர்த்துங்கள். எந்தத் தண்டை எந்தக் கணுவில் வெட்டுவது என்பதை அவர்கள் விரலே சொல்லும். அம்மாவின் வயதில் இருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள், அடுத்த வரிசைக்கும் எழுபது நெருங்குகிறது. அடுத்த முறை பொட்டலம் அனுப்பும்போது வெண்டை, தண்டுக்கீரை, காராமணி விதைகளை வையுங்கள். தக்காளி வேண்டாம்.

யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரும் ஞாயிறு காலை நானும் மக்சிக்கும் இருபது கட்டுத் தண்டு வைத்திருப்போம்.

இப்படிக்கு,
யீஷூன் வாசகி